கொங்கு நாட்டில் கடலுக்கு ஆள் பிடித்தேன்

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்க்க ஆள் பிடிப்பது ஒரு தொழில் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். முதல் சம்பளம் கைக்கு வரும்வரை நானும் நம்பவில்லை. வீடு வீடாகப் படியேறி வாட்டர் ஃபில்டர் விற்றவர்களே, ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போய் நாய் துரத்தி ஓடிய ஆசிரியர்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கேள்வி கேட்டுப் பிழைப்பவர்களின் பாடு கேட்டவர்களுக்குத்தான் புரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், விலங்கியல் படித்து முடித்து வீட்டில் சும்மா இருந்த என்னை, கடல் உயிர்களைக் காப்பதற்கென்று இருந்த ஒரு சிறிய தொண்டு நிறுவனம் கோவையில் வேலைக்கு எடுத்தது. தலைமை அலுவலகம் தூத்துக்குடிப் பக்கம். அதன் இயக்குநருக்கு ஒரு யோசனை. கரையிலேயே இருப்பவர்களுக்கு ஆமையும் டால்பினும் தினம் பார்க்கிற சங்கதி, அதைப் போய் யாரிடம் சொல்வார்கள்? கொங்கு நாட்டுக்காரர்களோ திருச்செந்தூருக்கும் ராமேஸ்வரத்துக்கும் வேன் வேனாகப் போகிறார்கள். சூலூர் லாரிகள் நூல் ஏற்றிப் போய் உப்பு ஏற்றி வருகின்றன. இவர்களுக்குக் கடல் புதுசு, கண்ணை அகல விரித்துப் பார்ப்பார்கள். எழுதி அனுப்பச் சொன்னால் எழுத மாட்டார்கள். ஆகவே போய் வந்தவர்களைத் தேடிப் போய், என்ன பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டுச் சொல்வது என் வேலை.

ஒரு வருடம் பார்ப்போம், நம்பும்படியான தகவல் வந்தால் கோவைக் கிளை இருக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவோம் என்று இயக்குநர் முதல் நாளே சொல்லிவிட்டார். மூடினால் போவதற்கு அப்பா சூலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை சொல்லி வைத்திருந்தார். அந்த வேலை மேல் எனக்குக் கோபமில்லை. இந்த வேலை மேல்தான் ஆசை வந்துவிட்டது.

மாடியில் கடல்

எங்கள் அலுவலகம் காந்திபுரத்தில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையின் மாடியில் இருந்தது. அலுவலகம் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நான். கீழே செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த முதலாளி ரங்கராஜ் அண்ணன் வீட்டில் தெலுங்கும் பட்டறையில் கொங்குத் தமிழும் பேசுவார். சுத்துப்பட்டுக் கிணறுகளில் எத்தனை அடியில் தண்ணீர் கிடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. மாடியில் போர்டு மாட்டிய அன்று வேலையை நிறுத்திவிட்டு மேலே வந்தார்.

போர்டில் 'கடல்' என்ற சொல்லை நன்றாகப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்த பஸ் ஸ்டாண்டையும் பார்த்தார். நான் பத்து நிமிடம் விளக்கினேன். ஆமை, டால்பின், கடல்பசு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, அங்க தண்ணி கீது கொறஞ்சு போச்சுன்னாச் சொல்லுங்க. நல்ல அஞ்சு ஹெச்பி மோட்டாரு ஒண்ணு சும்மாத்தான் கெடக்குது."

படமானாலும் ஆகாது

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு ஆமைப் படம் அனுப்பியிருந்தார்கள். பங்குனி ஆமை, பெரிய சைசில், கண் மட்டும் கொஞ்சம் சோகமாக. கடலுக்குப் போகிற குடும்பங்களின் வீட்டில் ஒட்டச் சொல்ல வேண்டும், போகும்போது ஞாபகம் வரும் என்பது திட்டம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாழைத் தோட்டத்தில் குடியிருந்த தெய்வானை அக்கா வருடா வருடம் திருச்செந்தூர் போகிறவர் என்று கேள்விப்பட்டு, முதல் படத்தைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனேன்.

வாசலில் நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார், என் அப்பா எந்த ஊர், எந்தக் குலக் கூட்டம் என்று விசாரித்து முடித்தார். நான் படத்தை விரித்தேன். அவர் முகம் மாறிவிட்டது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று நம் ஊரில் தெரியாதவர் உண்டா? தலைமை அலுவலகத்துக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. இது வெறும் காகிதம்தானே அக்கா என்றேன். கட்டுத்தறியிலாவது ஒட்டலாமே என்றேன். மாட்டுக்கும் ஆகாது என்றார். ஆனால் என்னை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனமில்லை. யோசித்து, ரொம்பப் பணிவாக ஒரு வழி சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க அம்மணி, அடுத்த வாட்டி வாரப்ப திமிங்கலம் இருந்தாக் கொண்டாங்க. சாமி படத்துக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கறேன்."

கடல் எந்தப் பக்கம்

சூலூர் லாரி ஆபீஸில் பழனிசாமி என்று ஒரு டிரைவர். மாதத்தில் பாதி நாள் தூத்துக்குடிப் பாதையில்தான் இருப்பார். இவர் ஒருவர் கிடைத்தால் பத்து வேனுக்குச் சமம் என்று நினைத்துக்கொண்டு, அவர் வருகிற நாளாகப் பார்த்துப் போய்க் காத்திருந்தேன். குளித்து, நெற்றியில் திருநீறு இட்டு, டீ கிளாசோடு வந்து உட்கார்ந்தார். துறைமுகத்தில் இருக்கும்போது கடலில் ஏதாவது துள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

அவர் உண்மையிலேயே யோசித்தார். நூலை இறக்கிவிட்டு, உப்புக்கு வரிசையில் வண்டியை நிறுத்தியதும் சீட்டிலேயே படுத்துவிடுவாராம். எழுப்பினால் லோடு ஏறியிருக்கும், தார்ப்பாய் கட்டிக் கிளம்ப வேண்டியதுதான். காற்றில் ஒரு பிசுபிசுப்பு இருக்கும், அது மட்டும் தெரியும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவரோ வெட்கப்பட்டுப்போய் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு, இத்தன வருசமாத் தூத்துக்குடி போறேன். கடலு எந்தப் பக்கமுன்னு நீ சொன்னீன்னா, அடுத்த லோடுக்குப் பாத்துப்போட்டு வாரேன்."

காங்கேயத்துக் கடல்பசு

ஆடி முடிந்ததும் தகவல்கள் கொட்ட ஆரம்பித்தன. கேட்ட இடத்திலெல்லாம் பார்த்திருந்தார்கள். ராமேஸ்வரத்தில் டால்பின், தனுஷ்கோடியில் டால்பின், திருச்செந்தூரில் கோபுரத்துக்கு நேர் எதிரே டால்பின். நான் தலைகால் புரியாமல் எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்துக்குச் சொன்னேன். இயக்குநர் போனில் "பிரமாதம்" என்றார். அந்த நேரத்தில்தான் காங்கேயத்து மாட்டுத் தரகர் செல்லமுத்து அண்ணன் கடல்பசுவையே பார்த்தார் என்று செய்தி வந்தது. கடற்புல் மேய்கிற, கண்ணில் படுவதே அரிதான கடல்பசு என்றால் எங்கள் துறையில் தங்கம். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

சந்தையில் மாடு பிடித்துக்கொண்டிருந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். செத்துக் கரை ஒதுங்கியிருந்ததாம். நிறம்? "மயிலை நெறமுங்க." கடல்பசுவும் சாம்பல் நிறம்தான். வயசு? வாயைத் திறந்து பார்த்தாராம், பல் கடை சேர்ந்திருந்ததாம், அதாவது எல்லாப் பல்லும் முளைத்து முடிந்த வயசாம். சுழி? நெற்றியில் ஒன்று, நல்ல சுழிதானாம். எனக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. காயம் ஏதாவது இருந்ததா அண்ணா என்று கேட்டேன். பின்னங்காலில் ஒரு வெட்டு என்றார். கடல்பசுவுக்குப் பின்னங்காலே கிடையாது.

நான் அதைச் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் துண்டை எடுத்து மறுபடி உதறினார். அந்த மனிதர் மாட்டு வியாபாரத்தில் ஒரு பல் கூடக் கூட்டிச் சொல்லாதவர் என்று சந்தையில் எல்லோரும் சொன்னார்கள். பின் ஏன் அண்ணா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அத்தன தூரம் பஸ்ஸேறி ஒரு பொம்பளப் புள்ள வந்து கேக்கறப்ப, ஒண்ணும் பாக்கலீங்கன்னு எப்படீங்க வாயெடுத்துச் சொல்றது?"

எது சந்தோஷம்

பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். மோர் கொடுத்தவர்கள் எல்லோரும் டால்பின் பார்த்திருந்தார்கள். அவர்கள் எனக்குக் கொடுத்தது தகவலே இல்லை, உபசாரம். விருந்தாளி கேட்டதை இல்லை என்று சொல்லாத ஊரில் நான் கேள்வி கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். இயக்குநருக்குப் போன் செய்து, சொன்னதை எல்லாம் நிறுத்தி வையுங்கள், மறுபடி விசாரிக்கிறேன் என்றேன்.

மறுபடி போய், பொய்தானே சொன்னீர்கள் என்று யாரையும் கேட்க முடியுமா? ஆகவே இப்படி ஆரம்பித்தேன்: "ஒண்ணும் பாக்கலைன்னு சொன்னாலும் எனக்குச் சந்தோஷமுங்க. அதுவும் ஒரு தகவல்தான்." அவ்வளவுதான், கடல் காலியாகிவிட்டது. ஒருவரும் ஒன்றும் பார்க்கவில்லை. முன்பு கூட்டம் கூட்டமாக டால்பின் பார்த்தவர்கள் இப்போது மீன் கூடப் பார்க்கவில்லை. சிங்காநல்லூர் மில்லில் வேலை செய்யும் பெண்கள் கன்னியாகுமரிக்கு டூர் போய் வந்திருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்த ரத்தினம் அக்கா முதலில் ஆமை பார்த்தேன் என்றார், நான் பேசப் பேச இல்லை என்றார், என் முகத்தைப் பார்த்து மறுபடி ஆமை என்றார். கடைசியில் அலுத்துப்போய்ச் சொன்னார்: "எதச் சொன்னா உங்களுக்குச் சந்தோஷமுன்னு மொதல்லயே சொல்லிப்போடுங்க அம்மணி. மில்லுக்கு நேரமாச்சு."

சரசு மிதித்த தடம்

மார்கழியில் தெய்வானை அக்காவிடம் இரண்டாம் முறை போனேன். கிருத்திகைக்குத் திருச்செந்தூர் போய் வந்திருந்தார். அதற்குள் என் சந்தோஷச் செய்தி ஊரெல்லாம் பரவியிருந்ததால், நான் வாய் திறக்கும் முன்பே "ஒண்ணுமே பாக்கலீங்க" என்றார். அந்த நேரம் பக்கத்து வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்த சரசு முறத்தைக் கீழே வைத்தார். சரசு, தெய்வானை அக்கா கணவருடைய தம்பியின் மனைவி. ஒரே கிணறு, மாற்றி மாற்றித் தண்ணீர் முறை. அந்த முறையில் தகராறு வந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை நின்றிருந்தது. கோயிலுக்கு மட்டும் ஒரே வேனில் போவார்கள்.

சரசு என்னிடம்தான் சொன்னார், ஆனால் அக்காவுக்குக் கேட்கிற சத்தத்தில். கோயிலுக்குத் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மணலில் டிராக்டர் டயர் தடம் மாதிரி ஒன்று இருந்ததாம். தண்ணீரிலிருந்து மேலே ஏறி, மேட்டில் கொஞ்சம் மண் கிளறியிருந்து, மறுபடி தண்ணீருக்கே இறங்கியிருந்ததாம். தண்ணீரிலிருந்து டிராக்டர் வருமா? எவ்வளவு அகலம் என்று கேட்டேன். சரசு கையை விரித்துக் காட்டினார். தெய்வானை அக்கா பொறுக்கமாட்டாமல், "அத்தன இல்ல, இவ்வளவுதான்" என்று எழுந்து வந்து தன் கையை விரித்தார். இரண்டுமே பங்குனி ஆமைக்குச் சரியாக இருந்தது. முட்டையிட்டுப் போன தடம். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நிஜம் அதுதான்.

அது ஆமைத் தடம் என்று சொன்னதும் அக்கா தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டார். சரசு முறத்தை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நான்தான் மிதிச்சேன், அக்கா சுத்தித்தான் போனாங்க. ஆமைன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கு என்னைய வேன்லயே ஏத்தியிருக்க மாட்டாங்க."

பங்காளி சாட்சி

அன்று எனக்கு ஒரு வித்தை கைவந்தது. நம் ஆட்கள் தாங்கள் பார்த்ததைப் பற்றி விருந்தாளியிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பங்காளி பார்த்ததைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், சத்தியம் பொங்கி வரும். அன்று முதல் யாரிடமும் "நீங்க என்ன பாத்தீங்க" என்று கேட்பதில்லை. மழை, பருத்தி விலை எல்லாம் பேசிவிட்டு, "உங்க பங்காளி டால்பின் பாத்தாராமே" என்று ஒரு வார்த்தை போடுவேன். கூட வந்த நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் எடுத்துக்கொள்வேன்.

அப்படிச் சலித்ததில் முன்பு சொன்னது எல்லாம் உமியாகப் பறந்தது. அந்தத் தடமும், தனுஷ்கோடியில் இரண்டு சண்டைக்காரச் சம்பந்திகள் ஒத்துக்கொண்ட ஒரு டால்பினும் மட்டும் மிஞ்சின. எனக்குத் துக்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கோபுரத்துக்கு எதிரே டால்பின் பார்த்த பெரியவரைப் பற்றி அவருடைய அண்ணன் மகனிடம் கேட்டபோது, அவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "எங்க சித்தப்பனா? போறப்பவும் தூக்கம், வாரப்பவும் தூக்கம். கோபுரத்தையே நாங்க எழுப்பித்தானுங்க காட்டுனோம்."

ஒறம்பரை வந்த நாள்

மாசி கடைசியில் இயக்குநர் நேரில் வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உமி பறந்ததையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. "குறைஞ்சது பரவாயில்லம்மா," என்றார். "ஆனா எங்க தேடி ஒண்ணும் கிடைக்கலைன்னு தெரிஞ்சாத்தான் கிடைச்சதுக்கு மதிப்பு. ஒண்ணும் பாக்கலைன்னு ஒரு ஆளாவது மனசாரச் சொல்லியிருக்காங்களா?" இல்லை என்றேன். அந்த 'இல்லை' எல்லாம் என் சந்தோஷத்துக்காகச் சொன்ன 'இல்லை'. சரி, அந்தத் தடத்தையாவது என் காதால் கேட்கிறேன், அது நின்றால் கிளை நிற்கும் என்றார் இயக்குநர். கோபிக்குப் போனோம்.

இத்தனை தூரத்திலிருந்து ஒரு பெரிய ஆபீசர் ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்தால் கொங்கு வீட்டில் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். வாழையிலை போட்டு, ஒப்புட்டு என்கிற இனிப்புப் போளி வைத்து, நெய் ஊற்றினார்கள். விருந்தாளி முன்னால் வீட்டுச் சண்டை தெரியக்கூடாது என்று தெய்வானை அக்காவும் சரசுவும் அன்று காலையிலேயே ராசியாகிவிட்டிருந்தார்கள். ஒருவர் பரிமாற ஒருவர் விசிறினார். இயக்குநர் தடத்தைப் பற்றிக் கேட்டார். அக்கா அழகாக, உள்ளது உள்ளபடி சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இலையில் ஒப்புட்டு தீர்ந்திருந்தது, இன்னொன்று வைத்தார், வைத்த கையோடு, "தடமென்னங்க சார், ஆமையையே பாத்தனுங்க, குட்டியோட" என்றார். நான் சரசுவைப் பார்த்தேன். மறுத்துப் பேசுவார் என்று நம்பி, சாமியைக் கும்பிடுகிற மாதிரி பார்த்தேன். சரசு அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க சார், ரெண்டு குட்டி" என்றார்.

மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிற ஆமை தன் குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது இயக்குநருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஒப்புட்டை முழுக்கச் சாப்பிட்டார், ரொம்ப ருசி என்று சொன்னார், கை கழுவினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். நான் அழாமல் இருக்கப் பக்கத்துக் கடையில் தொங்கிய வாழைத்தாரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் ஏறும்போது சொன்னார்: "தடத்தோட நிறுத்தியிருந்தா நம்பியிருப்பேம்மா. அந்த ரெண்டாவது குட்டிதான் நம்ம ஆபீஸை மூடிடுச்சு."

சூலூர்ப் பள்ளிக்கூடம்

மறு வருடம் நான் சூலூரில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம், பார்க்க இரண்டு பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெளியே போனால் வேப்ப மரத்தடியில் செல்லமுத்து அண்ணன். பத்தடி தள்ளி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொருவர். செல்லமுத்து அண்ணன் அவரையும் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் போய் வந்தாராம். காந்திபுரத்துக்குப் போனாராம், மாடி பூட்டியிருந்ததாம், ரங்கராஜ் அண்ணன் என் பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்லி அனுப்பினாராம். ஏன் பூட்டியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கோயிலிலிருந்து தெற்கே, மணலில், வெயில் ஏறும்வரை நடந்தாராம். ஆமை இல்லை, தடம் இல்லை, டால்பின் இல்லை. அறுந்த வலை ஒன்றும், தேங்காய் மட்டையும், இடது கால் செருப்பு ஒன்றும் கிடந்தன என்றார். கூட வந்தவரிடம் போய்த் தனியாகக் கேட்டேன். முழுச் சாட்சியும் வாங்கிவிட வேண்டும் என்று பழைய வெறி. பொன்னுசாமி என்று பெயர் சொன்னார், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, வலை, மட்டை, இடது கால் செருப்பு என்றார். வேறொன்றும் இல்லையா என்றேன். இல்லை என்றார். நான் சந்தோஷப்படுவேனா என்று என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது, எட்டாம் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததையும் மறந்து முந்தானையால் துடைத்துக்கொண்டேன். நான் நம்பாமல் அழுகிறேன் என்று செல்லமுத்து அண்ணன் நினைத்துவிட்டார் போல. பதறிப்போய்ச் சொன்னார்: "நெசமாலுமே ஒண்ணும் பாக்கலீங்க அம்மணி. இவன் எம் பங்காளிங்க, வரப்புத் தகராறு கோர்ட்டு வரைக்கும் போயிருக்குது. நான் ஒரு சொல்லு கூட்டிச் சொன்னாலும் உட மாட்டான்னுதான் கையோட கூட்டியாந்தேன்."

கடலில் ஒன்றுமில்லை என்று சொல்வதற்காகக் கோர்ட்டில் நிற்கிற இரண்டு பங்காளிகள் ஒரே பஸ்ஸில் ஏறி வந்த அன்றுதான் என் வேலை முறையாக முடிந்தது, என்ன, அந்தத் தகவலை வாங்கிக்கொள்ளத்தான் ஒரு ஆபீஸ் இல்லை.